ஈக்காட்டுக்கு இந்தப் பக்கம்

1876 ஆகஸ்ட் 9, புதன்

லிம்போபோ ஆற்றைக் கடந்து வடக்கே வந்தாயிற்று. இன்று ஒரு காய்ந்த ஓடையின் தென்கரையில் வண்டியை அவிழ்த்துவிட்டோம். இதற்கு மேல் வண்டி ஓரடிகூட நகராது. நகர்த்தினால் என்னைவிடப் பெரிய முட்டாள் இந்த நாட்டில் இருக்க முடியாது. ஓடைக்கு அந்தப் பக்கம் ஈக்காடு.

அந்த ஈயைப் பார்த்தால் யாருக்கும் பயம் வராது. வீட்டு ஈயைவிடக் கொஞ்சம் பெரிது, வயிற்றில் மஞ்சள் பட்டை, உட்காரும்போது இறக்கை இரண்டும் கத்திரிக்கோல்போல் ஒன்றன்மேல் ஒன்று மடியும். மனிதனைக் கடித்தால் அரிப்போடு சரி. மாட்டையோ குதிரையையோ கடித்தால் அது உடனே சாகாது. மேயும், இழுக்கும், ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். மழை விழுந்ததும் ஒவ்வொன்றாகச் சரியும். மருந்து கிடையாது. யானைகள் அந்தக் காட்டுக்குள்தான் இருக்கின்றன. அதனால் வேட்டைக்காரன் கால்நடைகளை இந்தப் பக்கம் விட்டுவிட்டு நடந்தே உள்ளே போகவேண்டும்.

இதையெல்லாம் என் மனைவி இன்னாசிக்கு விளக்கமாகச் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். ஏன் கூடாது? நான் நேட்டால் கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாக வந்தவன், பிறகு ஒரு வேட்டைக்காரத் துரைக்குச் சமையல்காரனாகி, துரை காய்ச்சலில் போனபின் அவர் வண்டியையும் துப்பாக்கியையும் எனக்கென்று ஆக்கிக்கொண்டவன். துரை தினமும் எழுதுவார். நாகப்பட்டினத்துச் சாமியார் பள்ளிக்கூடத்தில் நான் படித்த நாலெழுத்து வீணாகக் கூடாதென்று நானும் எழுதுகிறேன்.

இன்னாசி பிள்ளை உண்டாகியிருக்கிறாள். தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்த இரண்டும் ஒரு வாரம் தாண்டவில்லை. அவளை நேட்டாலில் விட்டுவர ஆளில்லை, அவளும் இருக்க மாட்டேன் என்றாள்.

"கிறிஸ்துமஸுக்கு முன்னாடி தெக்க அந்த ஜெர்மன் மிஷனுக்குப் போயிரணுங்க. பாதிரியாரம்மா கைராசிக்காரங்கன்னு வர்றவங்க எல்லாம் சொல்றாங்க. ஒரு கூரைக்குக் கீழ பெத்தா இதாவது தங்கும்."

"செப்டம்பர் பொறந்ததும் கெளம்பிரலாம்" என்றேன். மழைக்கு முன் போய்ச் சேர அது போதும்.

ஆகஸ்ட் 14

வண்டியோட்டி மொலெஃபே இன்று அச்சுக்குக் கொழுப்புப் போட்டான். அவன் இந்த நாட்டுக்காரன், என் வயதுதான். எங்கள் பேச்சில் பாதி டச்சு, பாதி அவன் பாஷை. இங்கே நம் பேச்சிலேயே எழுதிவைக்கிறேன்.

பக்கத்து ஊர்ப் பெண்கள் பாசிமணி வாங்க வந்தார்கள். நான் பார்த்துப் பார்த்து வாங்கிவந்த நீலமணியை ஒருத்தியும் தொடவில்லை. இங்கே சிவப்புதான் ஓடுகிறதாம். இன்னாசி என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு எதையோ பேசி நீலத்தையும் தள்ளிவிட்டாள். கடை நடத்துவது அவள், மணலில் உட்கார்ந்து பேரம் பேசினால் நேரம் போவதே தெரியாது அவளுக்கு. நான் பேசினால் வந்தவர்களும் எழுந்துபோகிறார்கள்.

ஆகஸ்ட் 22

உள்ளே போய் வெறுங்கையோடு திரும்பினோம். யானைத் தடம் பிடித்து இரண்டு நாள் நடை, காற்று திரும்பியது, போயே போய்விட்டன. குதிகாலில் முள் ஏறிவிட்டது. இன்னாசி ஊசியால் எடுத்தாள். எடுக்கும்போது திட்டினேன், அவள் பொருட்படுத்தவில்லை.

ஆகஸ்ட் 27

கால் வீங்கியிருக்கிறது. வண்டி காலி. இப்படியே திரும்பிப்போனால் அடுத்த வருஷம் எவன் எனக்குச் சரக்குக் கொடுப்பான். மொலெஃபே மாடுகளை நீருக்கு ஓட்டிக்கொண்டு போகிறான், வருகிறான், பாடுகிறான். அவனுக்கென்ன கவலை.

வெள்ளைக்காலன் மட்டும் கொழுத்துப்போய் நிற்கிறது. அது உப்பேறிய குதிரை. மழைக்காலத்துக் குதிரை நோய் வந்து பிழைத்ததை டச்சுக்காரர்கள் அப்படிச் சொல்வார்கள். அந்த நோய் அதை மறுபடி தொடாது. தெற்கே இப்படிப்பட்ட குதிரைக்கு அவ்வளவு கிராக்கி. சும்மா நின்று புல் தின்கிறது.

செப்டம்பர் 2, சனி

நல்ல வேட்டை. பெரிய ஆண் யானைகள் இரண்டு, திரும்பும் வழியில் ஓர் எருமை. நடந்துதான் போனோம், நானும் மொலெஃபேயும். எருமை இறைச்சியை மூட்டையாகக் கொண்டுவந்து வண்டிக்கருகில் கொடிகட்டிக் காயப்போட்டோம். இன்னாசி மிளகாய் தடவிப் பொரித்தாள். வெகுநாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 3

வெள்ளைக்காலன் முதுகில் இரத்தக் கறை. கழுவிவிட்டேன். சேணம் உரசி ஒரு புண். மருந்து போட்டேன்.

இன்னாசி வண்டிப் படுதாவிலிருந்து ஒரு ஈயைப் பிடித்து, உள்ளங்கையில் வைத்து என்னிடம் காட்டினாள்.

"இதுவா நீங்க சொன்னது?"

"மாட்டு ஈ" என்றேன். இறக்கை ஒன்றன்மேல் ஒன்று மடிந்துதான் இருந்தது. மாட்டு ஈக்கு அப்படி மடியாதென்று யார் கண்டது. அவள் அதை நசுக்கிவிட்டுப் போனாள். பிறகு நானும் படுதாவிலும் மாடுகள் மேலும் தேடிப்பார்த்தேன். கிடைத்ததை அடித்துப் போட்டேன். அதிகம் இல்லை.

செப்டம்பர் 11

உடனே கிளம்ப முடியாது. யானை அழுகித் தளர்ந்தால்தான் தந்தம் சேதமில்லாமல் உருவி வரும். கோடாலி போட்டால் வேர்ப்பக்கம் கெட்டுவிடும். இன்னாசி தினமும் கேட்கிறாள். பொறு என்கிறேன்.

செப்டம்பர் 18

தந்தங்கள் வந்தன. விழுந்த யானையின் எந்தத் தந்தம் மண்ணில் பட்டதோ அது அந்த மண்ணின் தலைவனுக்கு. இங்கே அதுதான் சட்டம். தலைவன் ஆட்கள் வந்து வாங்கிப்போனார்கள். மீதியை வண்டிக்குள் அடித்தட்டில் அடுக்கியாயிற்று. அதன்மேல் புல் பரப்பி, ஜமுக்காளம் விரித்து இன்னாசிக்குப் படுக்கை.

"முதுவுல குத்துதுங்க."

"இன்னும் கொஞ்சம் புல் போடறேன்."

"புல்லு என்னத்துக்கு ஆவும். கெளம்புங்க."

மேற்கே இன்னொரு மந்தை இறங்கியிருப்பதாகச் சொல்கிறார்கள். ஒரே ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டுக் கிளம்புவது.

அக்டோபர் 4

மேற்கே ஒன்றும் இல்லை. நாளை கிளம்புகிறோம். அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன், அவள் நம்பவில்லை.

அக்டோபர் 13

லிம்போபோவைத் திரும்பக் கடந்தோம். தண்ணீர் முழங்காலுக்குத்தான். ஆனால் மாடுகள் கரையேற முக்கின. மணல் அதிகம்.

அக்டோபர் 19

மாடுகள் சுரத்தில்லாமல் இழுக்கின்றன. இந்தப் பக்கத்துப் புல்லில் சத்தில்லை. முன்மாடு செவலைக்கு இரண்டு கண்ணிலும் நீர் வடிகிறது. தூசி.

அக்டோபர் 24

செவலைக்குத் தாடைக்குக் கீழே வீக்கம். வேறு நாலு மாட்டுக்கும் கண்ணீர். வெயில் கொளுத்துகிறது, அவற்றின் மயிர் குளிரில் நிற்பதுபோல் சிலிர்த்து நிற்கிறது. மொலெஃபே பாடுவதில்லை. அவன் தண்ணீர் சரியில்லை என்கிறான். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அக்டோபர் 30

இன்று வெள்ளைக்காலன் செத்தது. காலையில் எழவில்லை, மதியத்துக்குள் முடிந்துவிட்டது. தோல் எலும்போடு ஒட்டியிருந்தது, இத்தனை சீக்கிரம் எப்படி இளைத்ததென்று தெரியவில்லை.

இன்னாசி வண்டியிலிருந்து இறங்கி வந்தாள். இப்போது இறங்குவதே அவளுக்குக் கஷ்டம். குதிரையை வெகுநேரம் பார்த்தாள்.

"குதிரையை உள்ள ஓட்டிக்கிட்டுப் போனீங்களா?"

"இல்ல."

"மொலெஃபே, நீ சொல்லு. குதிரை உள்ள போச்சா?"

மொலெஃபே நுகத்தடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். "பாஸைக் கேளும்மா" என்றான்.

"அவரைத்தான் கேட்டேன்."

அவன் நுகத்தடியைத் தூக்கிக்கொண்டு மாடுகள் பக்கம் போனான். வண்டியில் ஏறக் கை நீட்டினேன். சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு தானே ஏறினாள்.

நவம்பர் 6

தெற்கே வானம் கறுத்திருக்கிறது. தோட்டத்தில் இருந்தபோது மழைக்கு எத்தனை ஜெபமாலை சொல்லியிருப்பேன். இன்று வரக்கூடாதென்று சொன்னேன். நல்ல வேகத்தில் போனால் மிஷன் மூன்று வாரம். இப்போது போகிற வேகத்தை எழுத மனம் வரவில்லை.

நவம்பர் 9

மழை.

நவம்பர் 11

செவலை போயிற்று. கறிக்காவது ஆகட்டுமென்று அறுத்தோம். கொழுப்பு மஞ்சளும் பச்சையுமாக வழுவழுவென்று இருந்தது. இரத்தம் கொஞ்சந்தான், அதுவும் தண்ணீராக. கை முழுக்க அளைந்தும் கையில் கறை ஒட்டவில்லை. மொலெஃபே தன் கையை நீட்டி எனக்குக் காட்டினான். நானும் என் கையைப் பார்த்தேன். ஈக்கடிக்கு இதுதான் அடையாளம்.

அந்தக் கறியை நாங்கள் தின்னவில்லை.

நவம்பர் 15

தினம் ஒன்று விழுகிறது. நேற்றுவரை இழுத்தது இன்று நுகத்திலேயே முழங்கால் மடித்து உட்கார்ந்துவிடுகிறது. சாட்டையால் அடித்தேன். மொலெஃபே என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினான். இதுவரை அவன் என்னைத் தொட்டதில்லை. அவனை அடிக்கவும் ஓங்கினேன். பிறகு சாட்டையைக் கீழே போட்டேன்.

நவம்பர் 17

இன்னாசி சொன்னாள், "தந்தத்தைத் தூக்கி வெளிய போடுங்க. பாரம் கொறையும்."

அத்தனையும் போட்டால் எதற்காக வந்தோம் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வைக்குப் பயந்து பாதியை இறக்கினேன். குழி வெட்டிப் புதைத்து மேலே தீ மூட்டி அடையாளத்தை அழித்தேன். வண்டி எடை குறைந்த மாதிரி தெரியவில்லை.

நவம்பர் 20

மீதித் தந்தத்தையும் புதைத்தேன். யோசிக்கவே இல்லை. முன்னமே செய்திருக்கலாம். இழுக்க இருக்கும் மாடுகளால் வெறும் வண்டியையும் இழுக்க முடியவில்லை.

நவம்பர் 22

வண்டி நின்றுவிட்டது. கரிசல் சேற்றில் அச்சுவரை இறங்கியிருக்கிறது. நிற்கிற மாடுகளுக்கு அதைப் பிடுங்கும் தெம்பில்லை. எனக்குக் கடவுள்மேல்கூடக் கோபம் வரவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது.

நவம்பர் 23

முன்னே ஓர் ஓடை, அதற்கப்பால் அரைநாள் நடையில் ஒரு ஊர் உண்டு. ஆள் கூட்டிவர மொலெஃபேயை அனுப்பினேன். மாலையில் திரும்பிவந்தான். ஓடை கரைபுரள்கிறது, நடுவில் வேரோடு மரங்கள் போகின்றனவாம். அக்கரையில் ஆட்டுக்காரர்கள் நின்றார்கள், கத்திப் பேசினானாம். வெள்ளம் வடியட்டும் என்று அவர்களும் கத்தினார்களாம்.

"எப்ப வடியும்?"

"மழை நின்னாத்தான், பாஸ்."

நவம்பர் 27

மழை நிற்கவில்லை. இன்னாசிக்குக் காய்ச்சல். நடக்கவைத்துக் கூட்டிப்போவதென்றால் எங்கே கூட்டிப்போவது, முன்னால் வெள்ளம், பின்னால் சேறு. கறிவேப்பிலை கேட்டாள். இருந்த காய்ந்த இலையைப் போட்டு ரசம் வைத்தேன். இரண்டு வாய் குடித்துவிட்டு, "உப்பு சரியா இருக்கு" என்றாள். பல நாளைக்குப் பிறகு என்னோடு பேசிய பேச்சு. வண்டிக்குப் பின்னால் போய் அழுதேன்.

நவம்பர் 30

பால்மாடு காரி செத்தது. கூட்டிவந்ததே பிள்ளை பிறந்தால் பாலுக்கு ஆகுமென்றுதான். கன்றுக்கு ஒன்றும் இல்லை. பால் குடிக்கும் கன்றை ஈ கொல்லாதென்று துரை சொல்வார், அது சரிதான் போலிருக்கிறது. தாயின் மடியை முட்டி முட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. மொலெஃபே அதைப் பிடித்துக் கட்டி, மாவைக் கரைத்து விரலில் தொட்டு ஊட்டுகிறான்.

டிசம்பர் 3, ஞாயிறு

வலி எடுத்துவிட்டது. இன்னும் நாள் இருக்கிறதே என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். மொலெஃபே கிடைத்த காய்ந்த விறகையெல்லாம் படுதாவுக்குக் கீழ் அடுக்கி வெந்நீர் போடுகிறான். நான் என்ன செய்யவேண்டுமென்று எனக்கு

டிசம்பர் 4

பெண். உயிரோடு பிறந்தது. நான்தான் எடுத்தேன். இன்னாசி சொல்லச் சொல்லச் செய்தேன். என் கை ஒன்றுக்கும் உதவாத கை என்று இன்றுதான் தெரிந்தது. இவ்வளவு சின்னதாகப் பிள்ளை இருக்குமென்று எனக்குத் தெரியாது. முதல் இரண்டையும் துணியில் சுற்றிக் கொடுத்தபோது சரியாகப் பார்க்கவே இல்லை.

குருவானவர் இல்லாததால் நானே தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தேன். ஞானப்பூ. இன்னாசியின் அம்மா பெயர். மழைத் தண்ணீர்தான்.

டிசம்பர் 5

இன்னாசிக்குக் காய்ச்சல் தணியவில்லை, பால் இறங்கவில்லை. பிள்ளை வாய் வைக்கிறது, விடுகிறது, அழுகிறது. சர்க்கரைத் தண்ணீரைத் துணியில் நனைத்து வாயில் வைக்கிறோம். மொலெஃபே விடியற்காலையில் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஓடையில் இறங்கினானாம், அக்கரையில் ஆட்டுப்பால் வாங்கிவர. என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. தண்ணீர் அடித்துத் தள்ளி முழங்கையெல்லாம் சிராய்ப்போடு வந்தான். மறுபடி போகிறேன் என்றான். போகாதே என்று அவன் காலைப் பிடித்துக்கொண்டேன். இவனையும் கொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

டிசம்பர் 6

அழுகை குறைந்திருக்கிறது. தூங்குகிறது என்றேன். "தூங்கல" என்றாள் இன்னாசி.

டிசம்பர் 7, வியாழன்

ஞானப்பூ இன்று காலையில் இறந்தாள்.

வண்டியின் பக்கப் பலகை ஒன்றைக் கழற்றிப் பெட்டி செய்தேன். எனக்குத் தச்சு வராது, மூலை ஒன்று சேரவில்லை. சற்று மேடான இடத்தில் குழி வெட்டினோம். இடுப்பளவு ஆழத்திலேயே தண்ணீர் ஊறியது, அதற்குக் கீழே போக முடியவில்லை. இன்னாசியைத் தாங்கிக் கூட்டிவந்தேன். கர்த்தர் கற்பித்த ஜெபத்தைச் சொன்னேன். மண்ணைத் தள்ளி மூடினோம்.

நான் வண்டிப் பக்கம் திரும்பினேன். மொலெஃபே அசையவில்லை.

"இப்படி விட்டுப் போவக் கூடாது, பாஸ். மண்ணு இளசா இருக்கு. கழுதைப்புலி மோந்துடும்."

கல் வைக்கலாமென்றேன். இந்தக் கரிசலில் கண்ணுக்கெட்டிய மட்டும் ஒரு கல் இல்லை. முள் போடலாமென்றேன். முள்ளை அது இழுத்துப் போட்டுவிடும் என்றான்.

"வழியில யாராச்சும் செத்தா வண்டிக்காரங்க என்ன செய்வாங்கன்னு பாஸுக்குத் தெரியும். பொதைச்சுட்டு அது மேல மாடுங்கள ஓட்டிக்கிட்டுப் போவாங்க. மிதிபட்டு மண்ணு இறுகிடும். மாட்டு வாசனைதான் இருக்கும்."

எனக்குத் தெரியும். துரையைப் புதைத்தபோது அவர்மேல் இரண்டு சோடியாக மாடுகளை நானே ஓட்டினேன்.

மாடு எங்கே இருக்கிறது. சேற்றில் அங்கங்கே வயிறு உப்பிக் கிடக்கின்றன. மொலெஃபே போய்க் கன்றை அவிழ்த்து வந்தான். அதை இழுத்துக்கொண்டு குழிமேல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடத்தினோம். சின்னக் குளம்பு. மண்ணில் விரல் வைத்த அளவுக்குப் பதிந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் கால் நடுங்கிப் படுத்துவிட்டது.

மொலெஃபே முதலில் ஏறினான். வெறுங்காலால் குதிகாலை ஊன்றி மிதித்தான். என்னைப் பார்த்தான். நான் பூட்ஸைக் கழற்றினேன். என் பிள்ளைமேல் பூட்ஸோடு ஏற என்னால் முடியவில்லை. மண் கால்விரலுக்கிடையில் பிதுங்கியது. மிதித்தேன். ஓரம், நடு, மறுபடி ஓரம். மழை தூறிக்கொண்டிருந்தது.

இன்னாசி வந்தாள். வேண்டாம், நீ உட்கார் என்றேன். காய்ச்சலில் அவள் உடம்பு கொதித்தது. சேலையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு எங்களோடு ஏறினாள். மூன்று பேரும் மிதித்தோம். தடுமாறியபோது மொலெஃபேயின் தோளைப் பிடித்துக்கொண்டாள், என்னுடையதை அல்ல. கால் தலைமாட்டுப் பக்கம் வந்தபோது மட்டும் கொஞ்சம் மெதுவாக வைத்தாள்.

எனக்கு அங்கே தாங்கவில்லை.

"இன்னாசி, குதிரையை நான்தான் உள்ள" என்று தொடங்கினேன். "கால் வலின்னு. யானை போயிருமேன்னு. ஈ அது மேல ஒட்டிக்கிட்டு வந்து"

"தெரியும்" என்றாள். "மிதிங்க."

மண் இறுகிவிட்டது. பக்கத்துத் தரைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. போதும் என்றான் மொலெஃபே. போதும் என்றேன் நானும். அவள் நிற்கவில்லை. இருட்டத் தொடங்கும்வரை மிதித்துக்கொண்டிருந்தாள், நாங்களும் கூடவே மிதித்தோம்.

டிசம்பர் 8

இரவெல்லாம் நல்ல மழை. காலையில் மண் இளகியிருந்தது. மறுபடி மிதித்தோம்.